நாலாவது சில்லு

வால்வின் நடுவே சிறிய ஆணியை வைத்து அழுத்தினால், சூடேறிய ரப்பர் நாற்றத்தோடு காற்று முகத்தில் சீறி அடிக்கும். ஓமானில் என் பத்தாவது வயதின் வெள்ளிக்கிழமைகளெல்லாம் அந்தச் சீறலோடுதான் தொடங்கின.

அப்பா அங்கே ஒரு நில அளவைக் கம்பனியில் சாரதி. விடுமுறை நாளில் கம்பனியின் பிக்கப்பில் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய், தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்தி, "சில்லுக்குக் காத்து இறக்கு பிள்ளை, அப்பதான் மணல் தாங்கும்" என்பார். நாலு சில்லுக்கும் பாதிக் காற்றை இறக்குவது என் வேலை. பிறகு பாதையில்லாத மணல்மேடுகளில் ஏறி இறங்கி ஒரு பாறைமுனைக்குப் போவோம். குளிர்காலத் தொடக்கத்தில் வடக்கேயிருந்து வரும் கழுகுகள் அதற்கு மேலாகத்தான் கடக்கும். மணல் சூடேறும்வரை அவை எழும்பமாட்டா. நாங்களும் பாணும் சம்பலும் தின்றுகொண்டு காத்திருப்போம். வெயில் ஏறியதும் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாதபடி, இறகை அசைக்காமலே சுழன்று மேலே போகும்.

வாகனத்தை மணலில் இறக்குவது கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று சில்லை முடித்து நாலாவதன் மூடியைக் கழற்றும்போது, தாழப் பறந்த கழுகின் நிழல் கைமேல் ஓடிற்று. அண்ணாந்து பார்த்தபடியே மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டேன். வண்டி புறப்பட்ட பிறகே நினைவு வந்தது; கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டாவது மேட்டில் அந்தச் சில்லு, கண்ணுக்கே தெரியாதபடி புதைந்துபோயிற்று.

அப்பா சட்டி மூடியால் மணலை அள்ளினார்.

"கழுகு பார்க்க வந்த ஆளைப் பாருங்கோ. உங்கடை வேலையையும் அதுகள்தான் தூக்கிக்கொண்டு போகப்போகுது" என்றார் அம்மா.

"வாயாலை தள்ளாதை, கையாலை தள்ளு."

ஒட்டகம் மேய்ப்பவர் ஒருவர் தன் லொறியால் இழுத்துவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. கம்பனி வாசலில் மேலாளர் காத்திருந்தார். அடுத்த மாதம் நாங்கள் யாழ்ப்பாணத்தில், போருக்கு நடுவே. என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பிறகுதான் நோர்வே.

அங்கே அம்மருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். "என்ரை பிழைதான். கியர் மாத்தப் பிந்திட்டன், அதோடை வேலையும் போச்சு." தேநீர்த் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் திருத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார்.

போன இலையுதிர்காலத்தில், வேலை முடிந்த களைப்போடு, ஸ்டோவ்னரில் பெற்றோல் நிலையத்தில் குளிர்காலச் சில்லுகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றுக்கு அடித்தாயிற்று. நாலாவது புதிதாக வாங்கியது. குழாயைப் பொருத்தியதும் அளவு சரியாகவே காட்டிற்று. குந்தியிருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். வண்டி புதைந்த அன்றைக்கு, தார்ச்சாலைக்குத் திரும்பிய பின் சில்லுகளுக்குக் காற்று நிரப்பியவர் அப்பா. பயத்தில் நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தேன். அவர் பம்பை மிதிக்கும் சத்தம் மூன்று இடத்தில்தான் கேட்டது. நாலாவதில் பம்பைப் பொருத்தி, மிதிக்காமலே கழற்றிய சத்தம் மட்டும். பிறகு, "ஏறு பிள்ளை, நேரம் போச்சு" என்ற குரல்.

அம்மருட் வீட்டில் இப்போது வேறு யாரோ. அந்த மணல்மேடுகளிலும் தார் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. இங்கேயிருந்தும் பருந்துகள் தெற்கே போகிற காலம்தான் அது. அண்ணாந்து பார்க்க எனக்குத்தான் கழுத்து வலிக்கிறது. பின்னால் ஒரு கார் காத்துக்கொண்டு நின்றது. மூடியைப் பூட்டிவிட்டு எழும்பினேன்.