ஆயுத பூஜைக்குக் கிடைத்த டப்பா

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். உடம்பு இளைக்கிற பவுடர்தான் எங்கள் சரக்கு. பாலில் கலக்கிக் குடித்தால் வயிற்றில் ஊறி உப்பிக்கொள்ளும், பசியே எடுக்காது. அண்ணா நகர், தி.நகர் பக்கமெல்லாம் அதற்கு அப்படி ஒரு கிராக்கி. தூக்குவாளியில் பழைய சோறு கொண்டுவருகிற நாங்கள், யாரோ சாப்பிடாமல் இருப்பதற்காக மாடாய் உழைத்தோம். இதைச் சொல்லி நாங்களே சிரிப்போம்.

முதலாளி தங்கமான மனுஷர். அதை இன்றைக்கும் சொல்வேன். பள்ளிக்கூட ஃபீஸ், கண் ஆபரேஷன், தையல் மிஷின் என்று யார் போய் நின்றாலும் இல்லை என்றதில்லை. ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி, ஸ்வீட், புடவை எல்லாம் தன் கையாலேயே கொடுப்பார். அந்த வருஷம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போன சந்தோஷமோ என்னவோ, "நாம செய்யற பொருள் நம்ம வீட்லயும் இருக்கட்டுமே" என்று ஆளுக்கொரு டப்பாவையும் பையில் போட்டுக் கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் டிவி மேல் அழகுக்கு வைத்தேன். என் உடம்பில் இளைக்க என்ன இருந்தது?

எங்கள் லைன் வீட்டின் கடைசிப் போர்ஷனில் இருந்தவளும் எங்கள் கம்பெனிதான். அட்டைப்பெட்டி தூக்கி அடுக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது. மகனுக்கு ஒரு வயசு தாண்டியிருக்கும், நோஞ்சான். பசி வந்தால் அவன் போடுகிற கூச்சல் தெருமுனை வரை கேட்கும். பூஜை முடிந்த கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவளிடம், "இன்னாடி, உன் புள்ள சத்தத்தையே காணோம்?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் அய்வறதே இல்லக்கா. சாரு குட்த்தாரே சத்துப் பவுடரு, அத்த தண்ணில கலக்கி ஊத்துனா கம்முனு படுத்துக்கினு கீறான். பணக்காரவுங்க குடிக்கிறதாச்சே, சும்மாவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். பையன் பாயில் கிடந்தான். வயிறு மட்டும் உப்பியிருந்தது, கையும் காலும் குச்சி. கண் திறந்திருந்தும் கூப்பிட்டால் திரும்பவில்லை. தலைமாட்டில் அந்த டப்பா. அதன்மேல் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். பெட்டி தூக்க வந்தவளுக்கு உள்ளே இருப்பது எதற்கான பவுடர் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. விலை உசந்த பொருள், பாலில் கலக்குவது, அப்போது சத்துதானே என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "குழந்தைக்கு ஆகாரமே போகலை, இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சத்தம் போட்டுக்கொண்டே டிரிப்ஸ் ஏற்றினார். நான் எதிரே இருந்த பூத்துக்கு ஓடி முதலாளிக்கு போன் போட்டேன். கட்டியிருந்த வேட்டியோடு வந்து சேர்ந்தார்.

அவரைப் பார்த்ததும் பையனின் அம்மா அவர் காலில் விழுந்தாள். நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் கத்தியது எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது.

"சார், டப்பா தீந்துபோச்சு சார். இன்னொண்ணு குடு சார். அது கீதுன்னா ஊட்ல சோறு இல்லாங்காட்டியும் புள்ள பசின்னு கேக்க மாட்டான்."

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரித் தரையில் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வேற யார் வீட்லம்மா குழந்தைங்க இருக்கு?"

அன்று சாயங்காலமே கம்பெனி வேனில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வழிகாட்ட என்னையும் கூட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போனார். எங்கள் சந்துகளுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வீட்டில் நிறைமாதக்காரி அதைக் குடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் மூன்றுக்கும் ராத்திரிச் சாப்பாடே அதுதான். ஒருத்தி டப்பாவைத் தர மறுத்து, "குட்த்தத திருப்பிக் கேக்கறியே, நல்லாகீதா சார்?" என்று சண்டைக்கே வந்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் குடுத்ததே தப்பும்மா" என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டான். தேறி வீட்டுக்கு வந்த அன்று பசிக்கிறது என்று வீறிட்டுக் கத்தினான். லைன் மொத்தமும் வாசலுக்கு வந்து நின்று கேட்டோம். அவன் அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு அழுதுகொண்டே சிரித்தாள். கம்பெனியில் அந்த வாரமே மத்தியான சாப்பாடு ஆரம்பித்தார்கள். முதலாளியும் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

அவர் மனசில் துளி கள்ளம் கிடையாது, ஆனாலும் அவர் ஆசையாகக் கொடுத்தது ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. அதனால்தான் இன்றைக்கும் யாருக்காவது ஏதாவது கொடுக்கப் போனால், கையை நீட்டுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.