அம்மா கட்டிக்கொண்டு போன பட்டு

அம்மா இறந்தபோது நான் டெல்லியில் இருந்தேன். விமானம் பிடித்து, திருச்சியில் இறங்கி, ஆட்டோவில் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஓயாமாரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலிலேயே அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

“கூரைப் பட்டைத்தான் கட்டி அனுப்பினோம்டி. கல்யாணப் பொண்ணு மாதிரி போனாங்க அம்மா.”

சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கல்யாணத்தன்று கட்டிய கூரைப் புடவையைக் கட்டி அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுடையது அரக்கு நிறக் கைத்தறிப் பட்டு. உடல் முழுக்க ஜரிகைக் கொடியும் பூவும். என் கல்யாணத்திலும் அதைத்தான் கட்டியிருந்தாள். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத எனக்கு அக்கா சொன்ன அந்த வார்த்தைதான் மிச்சம். மூன்று வருஷமாக, அழுகை வரும்போதெல்லாம் அந்தப் பட்டில் அம்மாவைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். நல்ல ஏமாளி நான்!

போன தை மாதம் தில்லை நகரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. மணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு வளையல் போடக் குனிந்தேன். மடியில் கிடந்த முந்தானையில் ஒரு பூவுக்கு மட்டும் நாலு இதழ். மற்றவற்றுக்கெல்லாம் ஐந்து. என் கல்யாணத்தில் ஆரத்திச் சூடம் தெறித்து அம்மாவின் பட்டில் விழுந்த ஓட்டையை மறைக்க, ஜரிகை நூலால் நானே பின்னிய பூ அது.

“எங்கம்மா பீரோல இருந்துச்சு சித்தி. நல்லா இருக்கா?”

பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்லா இருக்கு என்று சொல்லிக் கன்னத்தில் சந்தனம் பூசினேன். நேரே சமையலறைக்குப் போனேன். அக்கா புளியோதரை அள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

“எரியப் போறதுக்கு எதுக்குடி அவ்ளோ நல்ல பட்டு? உன் மனசு ஆறட்டுமேன்னுதான் அப்படிச் சொன்னேன்.”

அவள் கேட்டிருந்தால் நானே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். புடவைக்காக எனக்குக் கோபமில்லை. என் துக்கத்தைக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போல அடக்கிவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்போ அம்மா எதைக் கட்டிக்கிட்டுப் போனாங்க?”

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“ஞாபகம் இல்லடி.”

அன்றிலிருந்து அம்மாவை நினைத்தால் முகம் மட்டும்தான் வருகிறது. அவளுக்குக் கட்டிவிட என்னிடம் ஒரு பழம்புடவைகூட இல்லை.