சந்திரிகா திறந்த கூண்டு

சுங்கை பினாங் அடுக்குமாடியில் சந்திரிகாவை வாயாடி என்பார்கள். வாயாடிதான், அதில் என்ன சந்தேகம்? பதினெட்டு வருஷம் ஃபேக்டரியில் நின்றபடியே வேலை பார்த்தவள். அது மூடப்பட்ட அன்று சூப்பர்வைசரை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினாள். அப்புறம் அவளுக்குக் கிடைத்தது அக்கம்பக்கம் கேள்விப்படாத வேலை. விலங்கியல் ஆய்வாளர் டாக்டர் தயாளனுக்கு நீர்நாய் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

நீர்நாய்க்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன். தடம் காட்டும் ரேடியோவைக் கழுத்துப் பட்டையில் கட்டினால் நழுவிவிடும். அதனால் மயக்க ஊசி போட்டு, வயிற்றைக் கீறி, சின்ன ரேடியோக் கருவியை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். அது எங்கே போகிறது, எங்கே படுக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்கலாம். ஆனால் முதலில் அகப்பட வேண்டுமே! படித்தவர்கள் வரைபடத்தை விரித்து ஆறு வாரம் அலைந்தார்கள். சந்திரிகா ஆற்றோரம் குந்தி, மீன்செதிலாகக் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினாள். ஈரம் காயாத எச்சம் கிடந்த இடத்தில் கூண்டை வைத்தாள்.

நீர்நாய் பிடிக்க வாங்கியிருந்த பெர்மிட் முடியும் நாள் காலையில் கூண்டு மூடியிருந்தது. உள்ளே ஒரு பெட்டை சீறிக்கொண்டு கம்பியில் எழுந்து நின்றது. சந்திரிகா குனிந்து பார்த்தாள். காம்புகள் வீங்கி, சுற்றிலும் முடி பாலில் நனைந்திருந்தது. பால் கொடுக்கும் தாயைத் தொடக்கூடாது என்பது தயாளனே எழுதிய விதி.

"குட்டிங்க பெருசாயிருக்கும்லா அக்கா. கருவிய வச்சிட்டு ஒரு நாள்ல விட்டுடலாம்," என்றார் பக்கத்தில் நின்ற தயாளன்.

"பெருசாச்சின்னு நீங்க பாத்தீங்களா டாக்டர்?"

"இத விட்டா ப்ரொஜெக்ட் ஹபிஸ், முடிஞ்சிச்சி. உங்க வேலையும் ஹபிஸ்."

ஐம்பத்தோரு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? ஆனால் சந்திரிகாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. ஊருக்கெல்லாம் விதி எழுதிவிட்டு, தனக்கு அவசரம் வந்ததும் அதை மடித்து வைப்பதா? கொக்கியை நீக்கிக் கதவைத் தூக்கினாள். பெட்டை சேற்றில் சறுக்கித் தண்ணீரில் இறங்கிப் போயே போய்விட்டது. தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியம் ஆபீசில் அவர் ஒரு படிவத்தை நீட்டினார். கோபம் தணிந்திருந்தது.

"கதவு சரியா லாக் ஆவல, தப்பிச்சிருச்சின்னு எழுதுங்கக்கா. மேல பேசி பெர்மிட்ட நீட்டிச்சிக்கலாம். உங்க வேலையும் இருக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. பேனாவை எடுத்து, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் வச்ச கூண்டு லாக் ஆவாம இருந்ததே இல்ல டாக்டர். அப்படி எழுதினா, அந்தத் தாய விட்டது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?"

குனிந்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'பால் கொடுக்கும் தாய். நான்தான் திறந்துவிட்டேன்.' அடியில் தன் பெயரை முழுசாகப் போட்டு, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.