மியூசியத்தில் ஒரு தேயிலைப் பெட்டி

லண்டனில், மகள் வேலை முடிந்து வரும்வரை மியூசியத்தில் நிற்கிறேன். ஒரு பழைய மரப்பெட்டி நிறையத் தேயிலை வைத்திருக்கிறார்கள். என் கை தானாகப் போய்க் காம்பு பொறுக்குகிறது. நுவரெலியாத் தோட்டத்து ஃபேக்டரியில் முப்பது வருடம் நான் பார்த்த வேலை அது.

"அம்மா, தொடப்படாது" என்கிறார் காவலுக்கு நிற்பவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"காம்பு கிடக்குதுங்க. எதுக்கு இந்தப் பெட்டி?"

"இங்கிலாந்து ராசா அமெரிக்காவை ஆண்ட காலம், அம்மா. தங்களைக் கேக்காமல் தேயிலைக்கு வரி போட்டதெண்டு சனம் மனு எழுதிச்சு. ராசா கேக்கேல்லை. தேயிலையைக் கடலிலை கொட்டிச்சினம். பிறகு துவக்குத் தூக்கிச் சண்டை பிடிச்சு நாட்டையே எடுத்திட்டினம்."

"நாங்களும் தோட்டத்து லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அப்பா காலத்துலேருந்து மனு எழுதுறோம். எனக்கு வேலை முடிஞ்சுதாம், இப்ப வீட்டை விடச் சொல்றாங்க."

"நாங்களும் மனுவிலைதான் தொடங்கினனாங்கள். பிறகு தனிநாடு கேட்டுத் துவக்கும் தூக்கினனாங்கள்."

"நாடு கிடைச்சுச்சா?"

குனிந்து தன் சீருடையைப் பார்க்கிறார்.

"இந்த வேலை கிடைச்சது."

பொறுக்கிய காம்புகள் இன்னும் என் கையில் இருக்கின்றன. திரும்பப் போட்டால் தேயிலை கெட்டுவிடும். பைக்குள் போட்டுக்கொள்கிறேன். ஊருக்குப் போனதும் அடுத்த மனுவை யாரிடமாவது எழுதித் தரச் சொல்ல வேண்டும்.