அக்கா, ஒண்ணு கேக்கவா?

எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் நேராக என்னிடம்தான் கொண்டு வருவார்கள். செல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாததா என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு நிறையவே உண்டு. பேரையூரில் இருக்கும் அப்பா, என் மனைவி, சமயநல்லூரில் கட்டிக்கொடுத்த தங்கை, எல்லோர் போனிலும் என் மெயில் ஐடியையே போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்து, அதை மறந்து, என் உயிரை வாங்குவதற்கு இது தேவலை என்று பெருமை வேறு.

தங்கைக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. தேட வேண்டியதை மைக்கை அமுக்கிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். பதில் பெண்குரலில் வந்தது. முதல் நாளே அவள், "அக்கா, ஒண்ணு கேக்கவா? இன்னைக்கி மழை வருமா?" என்றாள்.

"அது மிசினு புள்ள. அக்காவாம்ல, அக்கா!" என்று கேலி செய்தேன்.

"இருக்கட்டும்ணே. மொட்டையாக் கேட்டா மரியாதையா இருக்குமா?"

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலையில் கடை மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. எப்படி எடுப்பதென்று போனில் தேடப் போனேன். ஓர் எழுத்து அடிப்பதற்குள், அந்த மெயில் ஐடியில் எல்லோரும் முன்பு தேடியவை கீழே வந்து நின்றன.

"அக்கா குடும்பக் கோர்ட்டு மதுரையில எங்க இருக்கு."

"அக்கா கோர்ட்டுக்குப் போனா புருசன் வீட்டுக்குத் தகவல் போகுமா."

"அக்கா அடிபட்ட எடத்தப் போட்டோ எடுத்து வச்சா செல்லுமா."

எங்கள் வீட்டில் போனை அக்கா என்று கூப்பிடும் ஆள் ஒருத்திதான். போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கறிச்சோறு போட்டு, "இம்புட்டுதான் சாப்பிடுவியாண்ணே" என்று சிரித்தாளே!

அதோடு மூடியிருக்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பழைய பட்டியலைத் திறந்தேன். மூன்று மாதத்துப் பேச்சு அப்படியே கிடந்தது. தையல் மிஷின் வைத்து ஒரு பெண் தனியாகப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கோர்ட்டு உண்டா என்று கேட்டிருந்தாள். "அக்கா அண்ணன்ட்ட சொன்னா சண்டைக்குப் போயிரும், சொல்லாம எப்படிக் கெளம்புறது" என்றும் கேட்டிருந்தாள். சுவருக்கும் காதுண்டு என்பார்கள். அந்தக் காது என்னுடையதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதே மெயில் ஐடியில் சேர்ந்திருந்த போட்டோக்களைத் திறந்தேன். வாடிக்கையாளர்களின் ஆதார் கார்டுகளுக்கு நடுவே, கன்றிப்போன ஒரு தோள். அடுத்ததைப் பார்க்கத் தைரியமில்லாமல் மூடினேன்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அவள் புருஷனுக்குப் போன் போட்டேன்.

"ஏன் மாப்ள, எந்தங்கச்சி குடும்பக் கோர்ட்டத் தேடுற அளவுக்கு என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

அவர் நிதானமாக, "கோர்ட்டா மச்சான்? அவ போன்லயா தேடுனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. எது நடக்குமென்று பயந்து அவள் என்னிடம் மறைத்தாளோ, அதையே நான் செய்திருந்தேன். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அதையும் ஒரு பெண்குரல்தான் சொன்னது.

சமயநல்லூரில் வீட்டு வாசலில் அவள் போன் உடைந்து கிடந்தது. மாப்பிள்ளை இல்லை. தங்கை உதடு வீங்கி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யாருண்ணே ஒனக்குச் சொன்னது? நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலையே."

மெயில் ஐடி கதையைச் சொன்னேன். அவளுக்குப் புரியட்டும் என்று ரேஷன் கார்டைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "போனு ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகுது. நீ எடுத்த போட்டோ எல்லாம் ஏங்கிட்டப் பத்திரமா இருக்கு" என்றும் சொன்னேன்.

அவள் கை தானாக மாராப்பை இழுத்து விட்டது. "போட்டோவுமாண்ணே?"

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. கிளம்பு, நம் வீட்டுக்குப் போவோம் என்றேன். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். செல்லூரை நெருங்கியபோது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அந்த அக்காட்ட மட்டுந்தானண்ணே சொன்னேன். அங்கயும் நீதான் ஒக்காந்திருந்தியா?"