பில்லிங்குக்குக் கிராவல்

எங்கள் ஊரில் கிராவல் என்றால் செம்மண். பொடிக்கல் கலந்த சிவப்பு மண். பள்ளம் தூர்ப்பதற்கும் அஸ்திவாரத்துக்குள் நிரப்புவதற்கும் லாரியில் அடிப்பார்கள். சிவகாசிப் பக்கம் வீடு கட்டின யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மனுஷர் செல்போனில் வெள்ளைக்காரன் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, அவருக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஆகிப்போயிருந்தது.

நாரணாபுரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கரிசல் மண். ஒரு மழை பெய்தால் கேட்டிலிருந்து வாசற்படிக்கு வருவதற்குள் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற தொழில் எங்களுக்கு. சரக்கு வண்டி உள்ளே வந்தால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். வாசலில் தேங்குகிற தண்ணீர் பக்கத்து வீட்டை ஒட்டிய சந்து வழியாகத்தான் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். அந்த வீடு எங்கள் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது.

"சந்துல வாய்க்கா மாதிரி வெட்டி, ஓட்டை போட்ட குழாயைப் படுக்கவச்சு, மேல கிராவலைக் கொட்டிட்டா தண்ணி அப்படியே வடிஞ்சு குழாய்க்குள்ள போயிரும். வாசல்லயும் அதே கிராவலைப் பரப்பிட்டா வண்டி வழுக்கிட்டு வரும் பாரு" என்று போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். படத்தில் கிடந்தது அசல் ஜல்லி. நம்மூர் கிரஷரில் மலைமாதிரிக் குவித்து வைத்திருக்கிற அதே முக்கால் இஞ்ச் ஜல்லி. வெள்ளைக்காரன் அதைக் கிராவல் என்றான், இவரும் கிராவல் என்றார். வீடியோவுக்காகச் சொல்கிறார், ஆர்டர் போடும்போது ஜல்லி என்று கேட்பார் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆர்டர் போட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில், மண்ணும் ஜல்லியும் அடிக்கிற லாரிக்காரரிடம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"கிராவல் ஒரு டிப்பர் வேணும்ணே."

"எதுக்கு பாய், பில்லிங்குக்கா?"

"ஆமாண்ணே, பில்லிங்தான்."

இவர் சொன்னது வெட்டின பள்ளத்தை நிரப்புகிற பில்லிங். அவர் கேட்டது மண்ணடிக்கிற பில்லிங். ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனை வைத்தார்கள்.

டிப்பர் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. எங்கள் தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். முந்தின வாரமெல்லாம் இவர் வேறு டீக்கடையில் உட்கார்ந்து, "பாருங்க, பாரின் முறையில ஒண்ணு பண்ணப்போறேன்" என்று அளந்து வைத்திருந்தார். டிரைவர் தொட்டியைத் தூக்கினார். சரசரவென்று செக்கச்செவேலென்று இறங்கியது. அல்லாவே, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு அவமானம் வந்தால் காது மடல் முதலில் சிவக்கும். மண்ணைவிடக் காது சிவந்திருந்தது.

"என்ன பாய், செம்மண்ணா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பின்னே? இதான் கேட்டேன். கிராவல்" என்றார்.

அந்த இடத்தில் அவர், "ஐயையோ, தப்பாச் சொல்லிட்டேம்ப்பா, ஜல்லி கொண்டாங்க" என்று சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. மூக்குடைந்ததை மறைக்க அந்த மண்ணை அப்படியே சந்துப் பள்ளத்தில் குழாய்க்கு மேல் தள்ளச் சொன்னார். மிச்சத்தை வாசலில் பரப்பச் சொன்னார். நான் உள்ளே கூப்பிட்டு, "என்னங்க, இது தண்ணியில கரைஞ்சு குழாயை அடைச்சிராதா?" என்றேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார். அவருக்கே தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இதுவரைக்கும் அவர் கூத்து. இனிமேல் என் கூத்து.

பக்கத்து வீட்டில் இருப்பவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர்தான். இவள் ஒரு பிரஸ்ஸிலிருந்து தினசரிக் காலண்டர் வேலை எடுத்து, முன் அறையில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு செய்கிறாள். அட்டையில் தேதித் தாள் கட்டை வைத்துப் பின் அடித்துக் கட்டுக் கட்டாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். தீபாவளி முடிந்தால் சீசன். அந்த வருஷம்தான் அந்த பிரஸ் அவளை நம்பி முதல்தடவையாகப் பெரிய லோடாக இறக்கியிருந்தது. "இதை மட்டும் பழுதில்லாம முடிச்சுக் குடுத்துட்டேன்னா வருசா வருசம் எனக்குத்தாங்க்கா" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கட்டில், பெஞ்சு, பரண் எல்லாம் நிறைந்து, மிச்சம் தரையிலேயே எங்கள் சந்துப் பக்கச் சுவரை ஒட்டி நின்றது.

செம்மண் நிரப்பின அன்றைக்குச் சாயங்காலம் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, இந்த மண்ணு மழைக்குக் கரைஞ்சு எங்க பக்கம் வந்துராதுல்ல? வரும்னா சொல்லுங்க, தரையில கிடக்கறதை ஆட்டோ வச்சு ஆனைக்குட்டத்துல எங்க தம்பி வீட்டுல கொண்டு போட்டுருவேன்."

நேராகக் கேட்டாள். ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள். கரையும் தங்கச்சி, கொண்டு போய்ப் போடு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னால் இவருக்குக் கிராவலுக்கும் ஜல்லிக்கும் வித்தியாசம் தெரியாது என்று தெருவுக்குத் தெரிந்துபோகும். கட்டின புருஷனை அடுத்த வீட்டில் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்குள் அவரை என்ன கிழித்தாலும் வெளியே விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு.

"சேச்சே, அதெல்லாம் கரையாது. இது ஸ்பெசல் கிராவல், இறுகிப்போயிரும். அவுக பாத்துத்தான வாங்கியிருக்காக" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதாங்க்கா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் தூறலாக இருந்தது, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வாசலில் பரப்பின மண் குழம்பாகி ஓடுகிறது. சந்தில் குழாய் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலே ஏறி நின்று, பள்ளம் பார்த்துத் திரும்பியது. பள்ளம் அவள் வீடு.

நான் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவள் வீட்டு முன் அறையில் கணுக்கால் அளவுக்குச் சிவப்புத் தண்ணீர். வேலைக்கு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டுகளை அள்ளுகிறார்கள். அடியில் இருந்த கட்டுகள் ஊறி, தேதித் தாளெல்லாம் ஓரத்தில் செம்மண் ஏறி ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் அழவில்லை. ஒரு காலண்டர் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடி என்னைப் பார்த்தாள். "தூக்குங்கக்கா, மேல உள்ளதையாவது தூக்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் ஃபேனைப் போட்டுத் தாள் தாளாக உலர்த்திப் பார்த்தோம். மேலே இருந்தது தப்பியது. அடியில் இருந்தது தேறவில்லை. செம்மண் கறை எதற்குப் போகும்? பிரஸ்ஸிலிருந்து ஆள் வந்து பார்த்தார். அவளிடம் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். "மழைத் தண்ணி வந்துருச்சுங்க, நாந்தான் கவனிக்காம தரையில வச்சுட்டேன்" என்றாள். அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரரை ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் வீம்பு பிடிக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "தங்கச்சி, மண்ணை மாத்தி வாங்கின மடையன் நான்தான்" என்று தெருக் கேட்கச் சொன்னார். ஆள் வைத்து அந்தச் சேற்றையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்ப ஆர்டர் போட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார். "ஜல்லிண்ணே. ஜல்லி. முக்கால் இஞ்ச். தூசி இல்லாம சலிச்சது. கிராவல்னு ஒரு பொட்டு வந்துச்சு, லாரியைத் திருப்பி அனுப்பிருவேன்." அந்தப் பக்கம் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இப்போது டீக்கடையில் அவரே இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறார். வாசலில் வண்டி வழுக்கிக்கொண்டுதான் வருகிறது, சந்தில் தண்ணீர் வடிந்துவிடுகிறது. தப்பைச் சொல்லிவிட்டவருக்கு லேசாகிவிட்டது. எனக்குத்தான் அந்த ஜல்லி மேல் நடக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

வருஷா வருஷம் ஜனவரி பிறந்ததும் அவள் எங்களுக்கு ஒரு காலண்டர் கொண்டுவந்து தருவாள். சாமி படம் இல்லாததாகப் பார்த்து, ரோஜாவோ அருவியோ போட்டதாக எடுத்து வைத்திருப்பாள். இந்த வருஷம் வரமாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். வந்தாள். கறை இல்லாத காலண்டர், ரோஜாப் படம். நான் டீ கொண்டுவந்தேன்.

என் வீட்டுக்காரர் காலண்டரை வாங்கிக்கொண்டு, இன்னும் மனசு ஆறாமல் சொன்னார்: "நான்தான் புத்திகெட்டு மண்ணை வாங்கிட்டேன். இம்புட்டுப் பேர் வேடிக்கை பாத்தாகளே, ஒரு ஆளாவது இது கரையும்னு சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தங்கச்சி?"

என் கையில் டீத்தட்டு. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரை வெளியே விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு நான் பார்த்தேனே, அதே பார்வை அவள் முகத்தில் இருந்தது. என்னை அவரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பார்த்தாள்.

"எங்கண்ணே, எனக்கு அது தோணவே இல்லயே" என்றாள். "தோணியிருந்தா அக்காகிட்டக் கேட்டிருக்க மாட்டேனா?"

டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை அவளே அடுப்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போகும்போது என் தோளை ஒரு தரம் தொட்டாள். இவர் ஆணியில் காலண்டரை மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"நல்ல புள்ள. ஆனா விவரம் பத்தாது பாவம்" என்றார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.