மூன்றாம் மாடியின் பின்வாசல்

அடுப்படியில் நின்று மாரித்தாய் சித்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டைக் காட்டிக்கொண்டிருந்த ராம்குமார் பேச்சைப் பாதியில் நிறுத்தினான். அது அவனுடைய சொந்த வீடு. கோயம்புத்தூருக்கு மாறிப் போவதால் விற்கிறான். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்றெல்லாம் சொல்லி முடித்து, அப்போதுதான் சாமி அலமாரிக்கு வந்திருந்தான்.

"அக்காவுக்கு மயக்கம் கியக்கம் வருதா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்ல," என்றாள் சித்தியின் மகள் செல்வலட்சுமி. அவள் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா, இங்கன வேண்டாம்மா."

சித்தி நிற்கவில்லை. முன்னறையைக் கடந்தாள். வாசல் நிலையில் தோள் உரசியது. வெளியே பொது நடைக்கு வந்ததும் லிஃப்ட் இருக்கிற பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, அடிகளை எண்ணுகிறாள். இருபத்தோராவது அடியில் அவள் கை கம்பிக் கதவில் இடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு அந்தப் பக்கம் கீழே இறங்கும் பின்படி. அந்தப் படி நெடுகிலும் மிளகாய் வத்தல் மூடைகள்.

"கண்ணை மூடிக்கிட்டு வீட்டை வாங்குனவுகளைப் பார்த்திருக்கேன்," என்று ராம்குமார் சிரித்தான். "கண்ணை மூடிக்கிட்டு வீட்டைப் பார்க்கிறவுகளை இப்பத்தான் பார்க்கேன்."

சித்தி சிரிக்கவில்லை. "இந்தச் சாவி யாருகிட்ட இருக்கு தம்பி?"

சித்தி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கு எங்கள் ஊர் முக்குக்குக் கம்பெனி வேன் வரும். வளையல் போடமாட்டாள். சேலைக்கு ஊக்குக் குத்தமாட்டாள், முடிந்துதான் கட்டுவாள். வேலை செய்யும் அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க. அந்தப் பழக்கத்தில் அன்று கீழே லிஃப்ட்டில் ஏறும்போதும் எவர்சில்வர் கதவை ஒருமுறை உள்ளங்கையால் தொட்டாள்.

கண்ணை மூடி நடப்பதும் அங்கிருந்து வந்ததுதான். அவளுடைய அறைக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால், கையில் எதையும் கொடுக்கும் முன்னால் சித்தி அவளை அவள் இடத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, வாசல் வரை மூன்று தடவை நடக்கவிடுவாள். "புகை வந்துட்டா கண்ணு எதுக்கு ஆகும்? காலுக்குத் தெரியணும்," என்பாள். கம்பெனியில் அதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. நடக்காத ஆளும் கிடையாது.

விருதுநகரில், ஊருக்கு நடுவே, கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்துபோகிற தூரத்தில் ஒரு வீடு. அதற்காக இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வலட்சுமி சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளர். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். வங்கியில் அவள் பெயரில் கடனும் தயாராகிவிட்டது. ஆனால் வீடு அமையவில்லை. முதலில் பார்த்த வீட்டில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். மறுநாள் "வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்றார்கள். இரண்டாவது வீட்டில் அதைச் சொல்லக்கூட இல்லை, போனை எடுக்கவில்லை. இது மூன்றாவது. நான்கு வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த மாதம் அது. "எழிலு நாலு ஊரு பார்த்தவ, அவளும் வரட்டும்" என்று சித்தி என்னையும் கூட்டிக்கொண்டாள். எத்தனையோ ஊர்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு இடத்தில்கூடப் பின்வழி எங்கே என்று நான் கேட்டதில்லை.

ராம்குமாருக்கு அவசரம். எந்தத் தெரு என்று அவன் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் வீடு எங்களுக்கு. ஐந்துக்கு மேல் என்றால் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு. அவரும் அன்று வீடு பார்க்க வருகிறார்.

சாவி இருந்தது முதல் மாடி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியிடம். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். வத்தல் மண்டி வைத்திருக்கிறார். படியில் இருந்த மூடைகளும் அவருடையவைதான். ராம்குமார் போன் போட்டதும் மேலே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஈரத் துண்டு. ஞாயிற்றுக்கிழமைக் குளியல் முடிந்த கையோடு வந்திருந்தார். அவர் பின்னால் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் வந்து நின்றாள். அவருடைய மருமகள் பிரீத்திகா, இரண்டாம் மாடி.

"வாங்கம்மா, இருக்கீகளா? வீடு பிடிச்சிருக்கா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார். "சிவகாசிப் பக்கம்னு தம்பி சொன்னான். தப்பா நினைக்காதீக, நாலு குடும்பம் இருக்கிற இடம். வீட்டுல மருந்து கிருந்து வச்சிர மாட்டீகள்ல?"

மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. செல்வலட்சுமியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எங்கிட்ட மருந்து இல்ல அண்ணாச்சி," என்றாள் சித்தி. "உங்ககிட்டதான் மூடை இருக்கு."

பிரீத்திகா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

"சீசன் நேரம். மண்டியில இடம் இல்ல," என்றார் அண்ணாச்சி. "அந்தப் படியில யாரு போறா, வாரா? லிஃப்ட் இருக்கு, முன்னால படி இருக்கு."

"முன்னால பத்திக்கிட்டா?"

"இந்தக் கட்டடத்துல பத்து வருசமா ஒரு தீக்குச்சி கீழ விழுந்ததில்ல."

"எங்க ரூம்லயும் பதினோரு வருசம் விழலை."

"இது கம்பெனி இல்லம்மா, வீடு," என்று அவர் குரலை உயர்த்தினார். "நீங்க வீடு வாங்க வந்தீகளா, சோதனை போட வந்தீகளா?"

"வாங்கத்தான் வந்தேன். பூட்டைத் திறந்து, படியைக் காலி பண்ணிக் கொடுங்க. இப்பவே அட்வான்ஸைக் கொடுத்துட்டுப் போறேன்."

அண்ணாச்சி ராம்குமாரைப் பார்த்தார். "ஆலங்குளத்துக்காரரு நல்ல மாதிரின்னு சொன்னேல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். ராம்குமார் கையைப் பிசைந்தான்.

"அக்கா, அவரைப் பகைச்சுக்கிட்டு இங்கன இருக்க முடியாது. முதல்ல வீட்டை வாங்குங்க. குடிவந்த பிறகு மெள்ளப் பேசிக்கலாம்."

"குடிவந்த பிறகு எம் பேச்சு எடுபடுமா தம்பி?"

அவன் மணி பார்த்தான். "அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்றான்.

சித்தி முன்படி வழியாக நடந்தே இறங்கினாள். தெருவுக்கு எதிரே ஒரு டீக்கடை. கட்டடத்து வாசல் தெரிகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி மூன்றரை. வெயிலில் தெருவே வத்தல் நெடி அடித்தது.

"ஒரு பூட்டு," என்றாள் செல்வலட்சுமி. "ஒரு பூட்டுக்காக இதையும் விடப்போறியா? ரெண்டு இடத்துல நம்மள வேண்டாம்னாக. இங்கன சரின்னாக. இப்ப நீ வேண்டாங்க. உனக்கு எல்லா இடமும் கம்பெனி மாதிரிதான் தெரியும்."

சித்தி டீயைக் கீழே வைத்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிற வெள்ளி மருந்தைச் சுரண்டினாள். அது போகாது. வருடக்கணக்காகப் போகாது.

"சோலையம்மா செத்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." சோலையம்மாளின் மகள் செல்வலட்சுமியோடு படித்தவள். எட்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளி சீசனில் நடந்தது அது. அந்த வருடம் நான் ஊரில்தான் இருந்தேன். பக்கத்து அறை வெடித்து, தீ பேக்கிங் அறைக்குத் தாவியதாகச் சொன்னார்கள். அறையில் இருந்த நாலு பேரில் சித்தியோடு சேர்த்து மூன்று பேர் முன்வாசல் வழியாகத் தப்பினார்கள்.

"அவ பின்வாசலுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா," என்றாள் சித்தி. "பின்னாலதான் ஓடியிருக்கா. அங்கன வழி இல்ல. பெட்டியா அடுக்கியிருந்துச்சு. லோடு ஏத்த வண்டி வரலை, தூத்தல் போட்டுச்சு. பெட்டி நனைஞ்சா ஆர்டர் போயிரும்னு உள்ள தூக்கி வாசல்ல வச்சிருந்துச்சு. அஞ்சு நிமிசத்துக்கு."

"யாரு வச்சா?"

"நான்தான்."

கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். செல்வலட்சுமி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாரணைக்கு வந்தவுக பெட்டியைப் பத்திக் கேட்கலை. எல்லாம் எரிஞ்சு போச்சு, என்னத்தக் கேட்பாக? நானும் சொல்லலை. உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது." சித்தி எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கன இருக்க முடியாது பிள்ள. அந்தப் படியைப் பார்த்துக்கிட்டே என்னால சோறு பொங்க முடியாது."

நான் இரண்டு தடவை போனில் மணி பார்த்தேன். நாலு இருபதுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். ராம்குமார் வாசலுக்கே வந்து கூட்டிப் போனான். லிஃப்ட் கதவு மூடியது.

"போச்சு," என்றாள் செல்வலட்சுமி.

சித்தி எழுந்தாள். பஸ் நிலையத்துக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். அவள் தெருவைக் கடந்து கட்டடத்தைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"அந்தப் பெரியவருகிட்டச் சொல்லிட்டு வந்துருதேன். வாங்குனா வாங்கட்டும். தெரிஞ்சு வாங்கட்டும்."

முன்படியில் ஏறினோம். இரண்டாம் மாடி நடையில் சித்தி நின்றுவிட்டாள். எதிரே பிரீத்திகா வந்துகொண்டிருந்தாள். குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். ஒரு கை சுவரில். கண்கள் மூடியிருந்தன. நடைக்கடைசிக் கம்பிக் கதவு வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள் போல. வழியில் கிடந்த செருப்பு ஸ்டாண்டில் முட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"அக்கா," என்றாள். எங்களைப் பார்த்ததில் வெட்கமும் இல்லை. "நீங்க கண்ணை மூடி நடந்ததை ராம்குமார் அண்ணன் சொன்னாக. நாலு தடவை நடந்துட்டேன். நாலு தடவையும் பூட்டுதான் கைக்கு வருது."

சித்தி குழந்தையின் காலைத் தொட்டாள். "உன் மாமா என்ன சொல்லுதாரு தாயி?"

"இன்னும் கேட்கலை. இப்பக் கேட்கேன்."

நேராக முதல் மாடிக்கு இறங்கிப் போனாள். மாமனாரும் மருமகளும் பேசியது மேலே கேட்டது. முதலில் அவர் சத்தம். பிறகு அவள், சத்தமே போடாமல்: "அப்ப பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இன்னைக்கே எங்க அம்மா வீட்டுக்குப் போறேன் மாமா. மூடையை எடுத்ததும் சொல்லி அனுப்புங்க." பிறகு சாவிக்கொத்துச் சத்தம்.

"ஞாயித்துக்கெழம லோடுமேன் எவன் போன் எடுப்பான்?" என்று அண்ணாச்சி புலம்பிக்கொண்டே மாடிக்கு மாடி பூட்டைத் திறந்தார்.

அப்போது மணி நாலு முப்பத்தைந்து. மூன்று மாடிப் படியில் பதினெட்டு மூடை. அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டினார். ஒரு மூடைக்கு இரண்டு பேராகப் பிடித்தோம். சித்தியும் நானும், செல்வலட்சுமியும் அண்ணாச்சியும். இழுக்க இழுக்க வத்தல் தூசி கிளம்பியது. எல்லோரும் தும்மினோம், கண்ணில் நீர் வழிந்தது. ஆலங்குளத்துப் பெரியவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க நடக்கு?" என்றார். "சோதனை போடுதாக," என்று அண்ணாச்சி கீழிருந்து கத்தினார். அந்தக் கோபத்திலும் மூடையைக் கீழே போடவில்லை. ராம்குமார் நடுவில் வந்து, "அக்கா, இவுகளுக்குப் பிடிச்சிருக்கு. அஞ்சு வரைக்கும்தான்," என்றான். வந்தவன் தானும் ஒரு மூடையைப் பிடித்து இறக்கினான்.

கடைசி மூடை இறங்கியபோது ஐந்துக்கு ஆறு நிமிடம்.

சித்தி மறுபடி மூன்றாம் மாடி அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கண்ணை மூடினாள். முன்னறை, நிலை, நடை. இருபத்தோராவது அடியில் கை காற்றில் நீண்டது. கம்பிக் கதவு திறந்திருந்தது. இடது காலால் முதல் படியைத் தடவி இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தொட்டாள். இரண்டாம் மாடி. முதல் மாடி. நான் பின்னால் இறங்கினேன். கீழே பின்சந்துக்குத் திறக்கிற இரும்புக் கதவின் வெளிச்சம் தெரிந்தது.

அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. மூடைகளை வெளியே கொண்டுபோகும்போதெல்லாம் அது இடித்துக்கொண்டே இருந்தது. அதனால் செல்வலட்சுமி கடைசி மூடையை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, கதவு சாத்தாமல் பார்த்துக்கொண்டு, வெளியே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தியின் முழங்கால் அதில் முட்டியது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே நின்றாள். செல்வலட்சுமி திரும்பிப் பார்த்தாள். அம்மாவையும் மூடையையும் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை முகத்திலேயே நின்றுவிட்டது.

"ஒரு நிமிசந்தான்னு..." என்று ஆரம்பித்தாள்.

சித்தி குனிந்தாள். மூடையின் வாயைத் தடவிப் பிடித்து, கண்ணை மூடியபடியே, தன்னந்தனியாக அதைச் சந்துக்கு இழுத்தாள். செல்வலட்சுமி ஓடிவந்து இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூடை வாசலைத் தாண்டியது. சித்தி வாசலைத் தாண்டினாள். பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா!" மூன்றாம் மாடியிலிருந்து ராம்குமாரின் குரல் படி வழியாக இறங்கி வந்தது. "அஞ்சு ஆகப்போகுது! வீடு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்!" என்று சித்தி மேலே பார்த்துக் கத்தினாள். "அட்வான்ஸை எடுத்துக்கிட்டு இந்த வழியாத்தான் வாரேன். கதவை யாரும் சாத்திராதீக!"